மாட்டுக்கு வைத்த மண்டி

எனக்கு எண்பத்து மூன்று வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு என்று சொல்கிறவர்கள் திருமயத்துப் பக்கம் எங்கள் ஊரில் இன்னும் ஒன்றிரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். மூத்தவன் அவன் பெரியாத்தா கைச்சோற்றில் வளர்ந்தவனாம், அவனை என் கணக்கில் சேர்க்கக் கூடாதாம். கிழவிக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்குக் கண்தான் மங்கல். காது நன்றாகவே கேட்கும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றது. பிறகு என் பிள்ளைகள் சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து மீதியைப் பிடித்துக்கொண்டேன். மேலே வைக்கிற புள்ளிதான் அடிக்கடி மறந்துபோகும். மற்றபடி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். அவசரம் ஒன்றும் இல்லை.

நான் பிறந்தது கறம்பக்குடிப் பக்கம். செம்மண், முந்திரித் தோப்பு, மழை பெய்தால் கடலை. வீட்டில் கேப்பைக் கூழும் வரகுச் சோறும்தான். நெல்லுச்சோறு அய்யாவுக்கும் தம்பிக்கும். அதைக்கூட நான் பெரிதாக நினைத்ததில்லை. முட்டைதான் என் வயிற்றெரிச்சல்.

கொல்லையில் கோழி நின்றது. அது இடுகிற முட்டை தம்பிக்கு. அவிக்கிறது நான், உரிக்கிறது நான், தின்கிறது அவன். ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வருகிற வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துக்கொள்வேன். அவன் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெள்ளையை முதலில் தின்றுவிட்டு, மஞ்சள் உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பார்க்கிறேனா என்று ஒரு பார்வை. அப்புறம்தான் வாயில் போடுவான்.

"எனக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று ஆத்தாவிடம் ஒரு நாள் கேட்டேன்.

"அவன் ஓடியாடுற ஒடம்பு."

"நானுந்தான் ஓடுறேன்."

"நீ அடுத்த வீட்டுக்கு ஓடப்போறவ. அங்கிட்டுப் போயித் தின்னு, யாரு வேணாங்கிறா?"

அந்த வயதில் என்னிடம் யாராவது உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தால் முட்டை என்று சொல்லியிருப்பேன். முழு முட்டையை வாயில் வைத்ததே கிடையாது. ஆனாலும் பிடிக்கும். பிடிக்காதது கசப்பு. பாகற்காய், சுண்டைக்காய் எதுவும் ஆகாது. சுண்டை வத்தல் எண்ணெயில் பொரிகிற வாசனை வந்தாலே தோப்புப் பக்கம் போய்விடுவேன். உப்புத் தொட்டு முந்திரிப்பழத்தைத் தின்று, தொண்டை கரகரக்க, பொழுது சாய்ந்துதான் திரும்புவேன்.

கல்யாணம் ஆகித் திருமயத்துப் பக்கம் வந்தபோது எனக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். தினம் ஒரு வேளையாவது நெல்லுச்சோறு உண்டு என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். என் நாக்குக்கு வந்த கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

மாமியார் கிடையாது. என் வீட்டுக்காரர் நடை பழகுமுன்னே அவர் தாய் போய்விட்டார். அவருடைய அண்ணன் மனைவிதான் இடுப்பில் வைத்து வளர்த்தவர். அவருக்குப் பிள்ளை இல்லை. அடுப்பும் அவர் கையில், வீடும் அவர் கையில். முறைக்கு எனக்கு ஓரகத்தி. அக்கா என்று கூப்பிட்டேன். வாய்தான் கூப்பிட்டது.

வந்த புதிதில் ஒரு நாள், அக்கா வயலுக்குக் கிளம்பும்போது வாசல்படியில் நின்று சொன்னார். "தங்கச்சி, அரிசி களையிற தண்ணிய மண்டிக்கு எடுத்து வச்சிரு. நான் வந்து பாத்துக்கிறேன்."

இங்கேதான் எனக்கு வந்தது வினை. எங்கள் கறம்பக்குடிப் பக்கத்தில் மண்டி என்றால் பானைக்கு அடியில் தங்குகிற கசண்டு. கழுநீர்ப் பானையில் மண்டி சேர்ந்தால் மாட்டுக்குத்தான் ஊற்றுவோம். மாட்டுக்கு எடுத்து வைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். புதுப்பெண் இல்லையா, சொன்னதற்கு மேலே ஒரு படி செய்து காட்ட வேண்டும் என்று ஆசை. அரிசி களைந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடாமல் தொழுவத்துக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றி, ஒரு பிடி தவிடும் போட்டுக் கலக்கி வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா வந்தார். புளியை ஊறப்போட்டார். சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்தார். சுண்டை வத்தலை எடுத்து முறத்தில் வைத்தார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தண்ணி எங்க?"

"மாட்டுக்கு வச்சிட்டேங்க்கா. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தவிடும் போட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடி ஆத்தீ! எங் கொழுந்தனுக்கு வைக்க வேண்டிய மண்டிய மாட்டுக்கு வச்சிட்டியேடி!"

அந்த ஊரில் மண்டி என்பது ஒரு குழம்பு. அரிசியை இரண்டாம் தடவை களைந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் பிடித்து, அதிலேயே புளியைக் கரைத்து, வெங்காயம், பூண்டு, வற்றல் மிளகாய், சுண்டை வத்தல் எல்லாம் எண்ணெயில் வதக்கிப் போட்டுக் கெட்டியாகக் கொதிக்க வைப்பது. பொடி கிடையாது, தேங்காய் கிடையாது. கழுநீர்தான் அதற்கு உடம்பு. என் வீட்டுக்காரருக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. அதை யார் எனக்குச் சொன்னார்கள்?

அன்றைக்குச் சோற்றுக்கு உட்கார்ந்தவர், "மண்டி இல்லையா?" என்றார். எனக்கு ஏதோ திட்டுவது மாதிரி இருந்தது. அக்கா உள்ளேயிருந்து, "தொட்டியில இருக்குப்பா, போயிக் குடிச்சுட்டு வா" என்றார். அண்ணியும் கொழுந்தனும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் கிணற்றடியிலும் அதே பேச்சு. "ஏத்தா, ஒங்க மாட்டுக்கு மண்டி புடிச்சிருந்துச்சா? புளி பத்துச்சாமா?"

பிறகு நானும் மண்டி வைத்துப் பார்த்தேன். கசப்பு எனக்கு ஆகாது என்பதால் ருசி பார்க்கிறது இல்லை. அவர் சாப்பிட்டு முடித்து எழுந்திருப்பார். கை கழுவும்போது, "அண்ணிக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்பார். அதற்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நான் பிள்ளை உண்டாகியிருந்தபோது அக்கா எனக்கு இரண்டு முட்டை அவித்துத் தன் கையாலேயே உரித்துக் கொடுத்தார். "தின்னு, ஒனக்குன்னு வச்சிருந்தேன்" என்றார். சின்ன வயதிலிருந்து ஏங்கிய முட்டை. முழுசாக வாயில் போட்டேன். சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மஞ்சள் நாக்கில் ஒட்டிக்கொண்டு உள்ளே போக மாட்டேன் என்றது. இதற்காகவா அவ்வளவு அழுதோம் என்று யோசித்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. எதிரே உட்கார்ந்து ஒருத்தர் ஏங்கினால்தான் முட்டைக்கு ருசி. அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது அக்கா. அவர் ஏங்கவில்லை. நான் தின்பதைப் பார்த்து அவருக்கு ஏதோ தான் தின்ற மாதிரி சந்தோஷம். அதன் பிறகு முட்டையைத் தொடவே பிடிக்கவில்லை.

மூத்தவன் பிறந்தான். பால் மறந்து சோறு தின்கிற வயது வந்தது. நான் பருப்புச்சோற்றில் நெய் ஊற்றிக் குழைத்துக்கொண்டு போனால் பல்லை இறுக்கக் கடித்துக்கொள்வான். அக்கா கிண்ணத்தோடு உட்கார்ந்தால் தவழ்ந்து போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, வாயைத் திறந்தபடி காத்திருப்பான். மண்டி ஊற்றிப் பிசைந்த சோறு, கோலிக்குண்டு அளவு உருண்டை. சுண்டை வத்தலைக்கூட மென்றான். என் வயிற்றில் பிறந்த பிள்ளை கசப்பை மெல்கிறான்!

"கோவிச்சுக்காத தங்கச்சி. புள்ளைக்கு அப்பன் நாக்கு."

"அப்பன் நாக்கும் நீங்க வளத்ததுதானேக்கா" என்றேன்.

குத்திப் பேசினேன். அவர் அதையும் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஊரில் அப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது, பெத்தவ ஒருத்தி, வளக்கிறவ ஒருத்தி என்று.

அப்புறம் வெள்ளைக்காரன் சண்டை போட்ட காலம் வந்தது. வெளியிலிருந்து கப்பலில் வருகிற அரிசி நின்றுபோனது. எங்கள் கண்மாயும் வற்றி வெடித்துக் கிடந்தது. குதிரில் இருந்த நெல்லும் தீர்ந்தது. தீனி இல்லாமல் மாட்டை அவிழ்த்து என் ஆத்தா வீட்டுக்கு ஓட்டிவிட்டோம். ஊர் முழுக்கக் கேப்பைக்கும் வரகுக்கும் வந்தது. எல்லோரும் அழுதார்கள். எனக்குள் மட்டும் ஒருத்தி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள். கேப்பை என் கை. பிறந்ததிலிருந்து பார்த்த சாமான். அரிசி இல்லை, அரிசி களைய வேண்டியதில்லை, கழுநீர் இல்லை, மண்டியும் இல்லை.

அக்காவுக்குக் களி கிண்டத் தெரியாது. மாவைத் தண்ணீர் கொதிக்குமுன் கொட்டிவிட்டுக் கட்டி கட்டியாக்கினார். நான் எட்டிப் பார்த்தேன்.

"ஏங்க்கா, இத மாட்டுக்கு வச்சிறவா?"

எத்தனையோ நாளாக வாயில் வைத்திருந்த பேச்சு. அக்கா துடுப்பை என்னிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். அன்றைக்கு நான் கிண்டிய களி பனம்பழம் மாதிரி உருண்டு பளபளவென்று நின்றது. கடலைத் துவையல் அரைத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் தின்றுவிட்டு, "இதுகூட நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. அந்தக் கூட என்பதைத் தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொண்டேன்.

ஆனால் மூத்தவன் களியைத் தொடவில்லை. கூழைத் துப்பினான். வெல்லம் வைத்து அடை தட்டினேன், அதையும் தட்டிவிட்டான். காய்ச்சல் வந்து போனதில் விலா எலும்பு தெரிந்தது. "மண்டி, மண்டி" என்று சிணுங்கிக்கொண்டே தூங்குவான். எனக்குப் பயம் வந்தது. களி கிண்டி ஜெயித்தவள் கையில் பிள்ளை இளைத்துப்போனான் என்று ஊர் பேசும். அதைவிட, பிள்ளை நிஜமாகவே இளைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் பிள்ளை அக்கா மடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறான். கிண்ணத்தில் வரகுச் சோறு. மேலே மண்டி. வெள்ளையாக, கெட்டியாக, நிஜ மண்டி.

"ஏதுக்கா தண்ணி?"

"கெடச்சுச்சு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பானையை முந்தானையால் மூடிக்கொண்டு அக்கா கிளம்பியதும் நானும் பின்னால் போனேன். ஊருக்கு மேற்கே வியாபாரக் குடும்பத்துப் பெரிய வீடு ஒன்று. அங்கே மட்டும் அரிசி இருந்தது. அக்கா முன்வாசலுக்குப் போகவில்லை. கொல்லைப்புறக் கதவில் நின்று, குனிந்து, "ஆச்சி, மாட்டுக்குக் கொஞ்சம் கழுநீ ஊத்துங்களேன்" என்றார்.

எங்கள் தொழுவத்தில் மாடே இல்லை.

பக்கத்து வீட்டில் போய் உப்புக் கல் கேட்காத மனுஷி. அவர் கொல்லைக் கதவில் பானையை ஏந்தி நின்றதைப் பார்த்து எனக்கு மனம் உருகியதா என்று கேட்டால், இல்லை. வயிறு எரிந்தது. அந்த யோசனை எனக்கு வரவில்லையே. என் பிள்ளைக்காகக் குனிய வேண்டிய இடத்தில் அவர் எனக்கு முன்னால் போய்க் குனிந்துவிட்டாரே. ருசியில்தான் என்னை முந்தினார் என்று நினைத்திருந்தேன். இதிலுமா?

திரும்பி வருகிற பாதையில் மறித்து நின்றேன்.

"பானைய எங்கிட்டக் குடுங்க."

"எதுக்குடி?"

"நாளையிலேர்ந்து நான் வாரேன்."

"ஒனக்குக் கேக்க வருமா?"

"மாட்டுக்குத்தான கேக்கணும்? மாட்டுக்கு மண்டி வச்சவ நாந்தான?"

அக்கா சிரித்த சிரிப்பில் பானை ஆடித் தண்ணீர் பாதையில் தெறித்தது. "கொட்டாதீங்க, கொட்டாதீங்க" என்று நான் பானையைப் பிடித்தேன். அப்படிப் பிடித்தது என் கைக்கு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து நான்தான் போனேன். முதல் நாளே அந்த வீட்டு வேலைக்காரப் பெண் முதல் தண்ணீரை ஊற்ற வந்தாள். அது அழுக்கு. "ரெண்டாந் தண்ணி இருந்தா ஊத்துத்தா" என்றேன்.

"மாட்டுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

"எங்க மாடு மொதத் தண்ணி குடிக்காதுத்தா."

"அதிசய மாடா இருக்கே. பால் கறக்குதா?"

"இன்னும் கன்னு போடல. சினையா இருக்கு" என்றேன். மழை பெய்து புது நெல் வரும் வரைக்கும் அந்த மாடு சினையாகவே இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துதான் இருக்கும். கேட்கவில்லை.

ஒரு நாள் அக்கா கோயிலுக்குப் போயிருந்தபோது நானே அடுப்பில் வைத்தேன். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பழகியிருந்தது. இந்தத் தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். கசந்தது. ஆனால் புளி போதாது என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கரைத்து விட்டேன். பிள்ளையை உட்கார வைத்து உருண்டை பிடித்து நீட்டினேன். பல்லைக் கடிக்கவில்லை. வாய் திறந்தது. தின்றான். வயிற்றைத் தடவிக்கொண்டு, "பெரியாத்தா மண்டி" என்றான்.

கோயிலிலிருந்து திரும்பிய அக்கா நிலைப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசாமல் உள்ளே போயிருக்கலாம். "இல்லடா ராசா, ஒங்க ஆத்தா வச்சது" என்றார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு அவரிடம் பிடிக்காதது. எதையும் நானாகப் பிடுங்கிக்கொள்ள விடமாட்டார், அவரே கொடுத்துவிடுவார்.

பிள்ளை என்னைப் பார்த்தான். இன்னொரு உருண்டைக்கு வாயைத் திறந்தான். வாய் யார் பேரைச் சொன்னால் என்ன, திறந்தது என் கைக்கு. தண்ணீர் நான் ஏந்தியது. பொய் நான் சொன்னது. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் நாலு என்கிறார்கள்.

அப்புறம் நாலு பேர் பிறந்தார்கள். அவர்கள் எது கொடுத்தாலும் தின்றார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மூத்தவன் வளர்ந்து வெளியூர் போனான். உத்தியோகம், ஓட்டல் சாப்பாடு, காபி. இப்போது அவனுக்கும் வயதாகிச் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் கேப்பை தின்னச் சொல்லியிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு துப்பிய பிள்ளை இன்றைக்குத் தினம் களி தின்கிறான். என் மருமகள் போனில், "அத்தே, தண்ணி எப்புடிக் கொதிக்கிறப்ப மாவு போடணும்?" என்று என்னைத்தான் கேட்கிறாள். என் கை கடைசியில் ஜெயித்தது என்று நினைத்தேன். போன மாதம் அவனே போனை வாங்கிப் பேசினான். "களி நல்லா இருக்கு ஆத்தா. தொட்டுக்கப் பெரியாத்தா மண்டி இருந்துச்சுன்னா..." என்றான். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதைவிட ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று வருஷமாக எனக்கு இனிப்பு பிடிக்கவில்லை. பருப்புச்சோறு வாயில் மண் மாதிரி இருக்கிறது. எது கொடுத்தாலும் நாக்கு ஒரு கசப்பைத் தேடுகிறது. சுண்டை வத்தல். புளி. கழுநீர். வீட்டில் சமைக்கிறவளிடம் பக்குவம் சொல்லி மண்டி வைக்கச் சொன்னேன். இப்போது அரிசி கடையிலிருந்தே பளிச்சென்று வருகிறது, களைந்தால் தண்ணீர் வெள்ளையாக வருவதில்லை. மண்டி நீர்த்துப்போய்க் கிடந்தது. நானே எழுந்து போய் வைத்தேன். அன்றைக்குப் பிள்ளைக்கு வைத்த அதே பக்குவம். ருசி பார்த்ததும் என் வாயிலிருந்து, "அக்கா வச்ச மாதிரி இல்ல" என்று வந்துவிட்டது. அடுப்படியில் யாரும் இல்லை, நல்லவேளை.

அக்கா போய் எவ்வளவோ காலம் ஆகிறது. என் வீட்டுக்காரருடைய நாக்கைத் தன் கையில் வைத்திருந்தார். என் மகனுடைய நாக்கையும் வைத்திருந்தார். ஒன்றையாவது மிச்சம் விட்டாரே என்று நினைத்திருந்தேன். இத்தனை வயதுக்கு மேல் வந்து என் நாக்கிலும் உட்கார்ந்துகொண்டார். அங்கேயிருந்தும் சிரிப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

சிரிக்கட்டும். நாக்கை வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைக் கணக்கில் நான் ஒன்றும் விடமாட்டேன்.

மூத்தவன் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். இந்தா, இங்கிட்டு வந்து உக்காரு. அப்பத்தா எழுதுனத மொதல்லேர்ந்து வாசி. புள்ளி விட்டுப்போயிருந்தா வச்சுக்க, எழுத்து கோணலா இருந்தாத் திருத்திக்க. அஞ்சுன்னு எழுதியிருக்கேன் பாரு, அதுல மட்டும் கை வைக்காத. ஒங்க அப்பனச் சேத்துத்தான் அஞ்சு. ம், வாசி. முணுமுணுக்காத, நல்லாச் சத்தமா வாசி. பக்கத்து வீட்டு வாசல்ல ஆளு இருக்கு.